புல்லுக்கு அடியில் இருக்கும் நிலம்

கோல்ஃப் திடல்களின் விளம்பரப் படங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. உயரத்திலிருந்து, இப்போதெல்லாம் டிரோனிலிருந்து, காலைச் சாய்வெயிலில் எடுத்திருப்பார்கள். கடலுக்குள் நீளும் ஒரு பாறை, அதன் நுனியில் வழவழப்பாக ஒரு கிரீன், நடுவில் ஒரு கொடி. படத்தை நம்பி டிக்கெட் போட்டவருக்கு அங்கே போய் இறங்கிய பிறகுதான் இரண்டு சங்கதிகள் தெரியவரும். 18 குழிகளில் கடலைத் தொடுவது அந்த ஒன்றுதான். மற்ற பதினேழும் விடுமுறை வீடுகளின் பின்கட்டைப் பார்த்தபடி போகின்றன. அந்த ஒன்றையும் அவர் பார்க்கப்போவது தரையில் நின்று, தன் கண்ணுயரத்திலிருந்து. டிரோனின் கண் அவருக்கு இல்லை.

ஒரு சுற்று ஆடி முடிக்க நான்கு, நான்கரை மணி நேரம் ஆகும். அதில் பந்தை அடிக்கச் செலவாவது சில நிமிடங்கள். மிச்சமெல்லாம் நடை, காத்திருப்பு, வேடிக்கை. ஆகவே விடுமுறைக்குப் போகிறவர் காட்சியை முதன்மையாக வைத்துத் திடலைத் தேர்வதில் பிழையே இல்லை. தேர்வதற்கு நாம் கேட்கும் கேள்விதான் சரியில்லை. ‘எது அழகான திடல்?’ என்று கேட்டால் ஹோட்டல்காரர்கள் சொல்லும் பட்டியல்தான் கிடைக்கும். ‘திடல் வருவதற்கு முன் இங்கே என்ன நிலம் இருந்தது?’ என்று கேட்டால் வேறு பட்டியல் வரும்.

காரணம் எளிது. 18 குழித் திடலுக்குச் சுமார் 50, 60 ஹெக்டேர் நிலம் வேண்டும். நெல்லும் ரப்பரும் தென்னையுமாகக் காணிக்குக் காணி உழைக்கும் தென்கிழக்கு ஆசியாவில் அவ்வளவு பெரிய துண்டு சும்மா கிடைக்காது. கைவிட்ட சுரங்கம், விலைபோன தோட்டம், பயிருக்கு உதவாத கடற்கரை மணல், காட்டின் ஓரம், வெள்ளைக்காரர்கள் வெயிலுக்குப் பயந்து ஏறிய மலை: இப்படி ஏதோவொரு வழியில்தான் அது கைமாறி வந்திருக்கும். எந்த வழியில் வந்தது என்பதுதான் அந்தத் திடலின் மேடுபள்ளத்தையும் மரத்தையும் நீரையும் தீர்மானிக்கிறது. கட்டமைப்பாளர் எத்தனை பெரிய பெயராக இருந்தாலும் அவர் செய்வது அதற்குமேல் ஒரு கைவேலைதான்.

புக்கெட் தீவிலிருந்து தொடங்கலாம். இன்று கடற்கரைக்குப் பேர்போன அந்தத் தீவை நூற்றாண்டுகளாக வாழவைத்தது வெள்ளீயம். 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் வெள்ளீய விலை சரிந்தது. அடுத்த ஆண்டு ஜூனில், சுரங்கக் கசடிலிருந்து டாண்டலம் பிரிக்கக் கட்டியிருந்த ஆலையைப் புக்கெட் மக்கள் திரண்டு தீக்கிரையாக்கினார்கள். ஆலைப் புகை சுற்றுலாவைக் கெடுத்துவிடும் என்ற அச்சமும் அந்தக் கோபத்தில் கலந்திருந்தது. தீவு எந்தப் பக்கம் சாயப்போகிறது என்பது அன்றே தெரிந்துவிட்டது. பாங் தாவ் கடற்கரையை ஒட்டி, சுரங்கம் தோண்டிப் பாழாக்கிய குட்டைகளோடு கிடந்த நிலத்தில் 1987 முதல் லகூனா புக்கெட் விடுதிகள் எழுந்தன. பிறகு அங்கேயே கோல்ஃப் திடலும் வந்தது. 1991-ல் திறந்த புளூ கேன்யன் திடலும் பழைய சுரங்கமும் ரப்பர்த் தோட்டமும் கலந்த நிலம்தான். 2007-ல் வந்த ரெட் மவுன்டன் முழுக்க முழுக்கச் சுரங்கத்தின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது.

தோண்டிப்போட்ட நிலம் கோல்ஃபுக்கு ஏன் இவ்வளவு பொருந்துகிறது? சமதரையில் ஒரு மேட்டையும் பள்ளத்தையும் உண்டாக்கக் கட்டமைப்பாளர்கள் மாதக்கணக்கில் மண்ணள்ளும் இயந்திரத்தை ஓட்ட வேண்டும். சுரங்கக்காரர்கள் அந்த வேலையை முன்பே முடித்துவைத்திருந்தார்கள். குழிகள் ஏரிகளாயின. வெட்டிய சரிவுகள் செங்குத்தாக நின்றன. மழையில் கழுவிய செம்மண் சுவர் பச்சைப் புல்லுக்குப் பக்கத்தில் எரிவதுபோல் தெரிகிறது. ரெட் மவுன்டனின் 17-ஆவது குழியில் டீ மேடையிலிருந்து கிரீன் ஏறத்தாழ 50 மீட்டர் கீழே கிடக்கிறது. அடித்த பந்து காற்றில் நின்று யோசித்துவிட்டு இறங்குவதுபோல் இருக்கும். எந்த மட்டையை எடுப்பது என்ற கணக்கெல்லாம் அங்கே பொய்த்துப்போகும்.

புளூ கேன்யனுக்கு இன்னொரு புகழும் உண்டு. 1998-ல் ஜானி வாக்கர் கிளாசிக் போட்டியின் கடைசி நாள் காலையில் எர்னி எல்ஸுக்கு எட்டு ஸ்ட்ரோக் பின்தங்கியிருந்த டைகர் வுட்ஸ், மாலைக்குள் சமன்செய்து, கூடுதல் ஆட்டத்தில் அவரை வென்றார். வுட்ஸின் தாய் தாய்லாந்துக்காரர் என்பதால் அந்த வெற்றியை அந்த நாடு தன் வீட்டு விசேஷமாகவே கொண்டாடியது. வீரக்கதை கேட்கப் போகிறவர்களுக்கு புளூ கேன்யன். காட்சிக்குப் போகிறவர்களுக்கு ரெட் மவுன்டன்தான் என்பது என் தீர்ப்பு. ஒன்றை மட்டும் முன்கூட்டியே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டுமே கடலைவிட்டுத் தீவின் உள்ளே இருக்கும் திடல்கள். புக்கெட் என்றதும் அலையடிக்கும் கிரீனைக் கற்பனை செய்துகொண்டு போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

மலேசியாவிலும் இதே கதை உண்டு. கோலாலம்பூருக்குத் தெற்கே சுங்கை பெசியில் உலகின் மிகப் பெரிய திறந்தவெளி வெள்ளீயச் சுரங்கம் என்று பேரெடுத்த பள்ளம் இன்று ஏரி. அதன் கரையில் உள்ள மைன்ஸ் திடலில்தான் 1999-ல் உலகக் கோப்பை கோல்ஃப் நடந்தது. டைகர் வுட்ஸும் மார்க் ஓமீராவும் அமெரிக்காவுக்காக வென்றார்கள். ஏரி அழகுதான், ஆனால் சுற்றிலும் நகரம் நெருக்கியடித்துக்கொண்டு வந்துவிட்டது. இதற்கு நேரெதிர் ஃபிரேசர் மலை. லூயிஸ் ஜேம்ஸ் ஃபிரேசர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் வெள்ளீயம் தேடி ஏறிய அந்த மலையில், பழைய சுரங்க இடத்தில் ஒன்பதே குழிகள் கொண்ட ஒரு சின்னத் திடல். ஆட்டமாக அதில் பெரிதாக ஒன்றுமில்லை. பனிமூட்டமும் பறவைகளும் பிடிக்குமென்றால் போகலாம்.

சுரங்கத்துக்கு அடுத்து மலைவாசத் திடல்கள். கொடைக்கானலையும் ஊட்டியையும் பார்த்தவர்களுக்கு இவற்றின் பிறப்பை விளக்க வேண்டியதில்லை. வெயில் தாங்காத அதிகாரிகள் மலையேறினார்கள், வீடு கட்டினார்கள், தேவாலயம் கட்டினார்கள், கூடவே கோல்ஃபும் வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் வியட்நாமில் அப்படி உண்டாக்கிய ஊர் டா லாட், 1,500 மீட்டர் உயரத்தில். ஊர் நடுவே, ஷுவான் ஹுவோங் ஏரிக்கு மேலே, பைன் மரங்களுக்கிடையே கிடக்கிறது டா லாட் பேலஸ் திடல். 1922-ல் மன்னர் பாவோ தாய்க்காக அமைத்தது என்று சுற்றுலாக் கையேடுகள் கண்ணை மூடிக்கொண்டு எழுதுகின்றன. பாவோ தாய் பிறந்தது 1913 அக்டோபரில். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் திடல் போட்டார்கள் என்பதை நம்புகிறவர்கள் நம்பலாம். பின்னாளில் அவர் அங்கே ஆடினார் என்பது வரை சரி. 1975-க்குப் பிறகு கைவிடப்பட்டுக் கிடந்த திடலை, டி.எச்.எல். நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான லாரி ஹில்ப்ளாம் பணம் போட்டுச் சீரமைக்க, 1994-ல் மீண்டும் திறந்தார்கள். வெப்ப மண்டலத்தில் குளிர்நாட்டுப் பென்ட் புல் செழிக்கும் அபூர்வமான இடங்களில் இது ஒன்று. மலைமேல் ஆடுவதில் ஒரு கூடுதல் லாபம்: நடக்கலாம். சமவெளியில் பதினோரு மணிக்கு மேல் நடந்தால் உடம்பு மட்டுமே நினைவில் இருக்கும், காட்சி இருக்காது.

பாலியின் பெடுகுல் பகுதியில் உள்ள ஹண்டாராவையும் இந்த வரிசையில்தான் சேர்க்க வேண்டும், பிறந்த காலம் பிந்தியது என்றாலும். ஆஸ்திரேலியர் பீட்டர் தாம்சன் வடிவமைப்பில் 1974-ல் திறந்தது. கடல்மட்டத்துக்கு மேல் 1,100 மீட்டரைத் தாண்டிய உயரம். அணைந்துபோன எரிமலை வாயின் உள்ளே, புயான் ஏரிக்குப் பக்கத்தில் இருப்பதால் எந்தக் குழியில் நின்றாலும் மலைவிளிம்பு வளைத்துக்கொண்டு நிற்கும். விளம்பரத்துக்கென்று தனியாக ஒரு குழியைப் படம்பிடிக்க அவசியமே இல்லாத திடல் இது. வேடிக்கை என்னவென்றால், அதன் வாசலில் உள்ள பிளவுபட்ட பாலிக் கோபுரத்தைப் படமெடுக்க வரிசையில் நிற்பவர்களில் பலர் மட்டையைக் கையால் தொட்டிராதவர்கள். உள்ளே திடல் அமைதியாக இருக்கும். மதியத்துக்கு மேல் மேகம் இறங்கிவிடும். காலையில் ஆடி முடித்துவிட வேண்டும்.

தாய்லாந்தின் ஹுவா ஹின் மலையில்லாத மலைவாசம். தெற்கே போகும் ரயில் பாதை வந்த பிறகு பாங்காக்கின் மேட்டுக்குடி வெயிலுக்கு ஒதுங்கிய கடலோரம் அது. 1924-ல் அங்கே திடல் அமைத்தவர் ஏ.ஓ. ராபின்ஸ் என்ற ஸ்காட்லாந்து ரயில்வே பொறியாளர். ஆகவே திடல் ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. சிவப்பும் வெள்ளையுமாக மரத்தில் இழைத்த அந்தப் பழைய நிலையத்துக்குப் பின்னால் முதல் குழி; உள்ளே போகப்போகக் குன்று, குன்றின் மேல் பௌத்தக் கோயில், குரங்குகள். புல்லின் தரத்தில் ஊருக்கு வெளியே உள்ள பிளாக் மவுன்டனும் பன்யனும் இதை ஓரங்கட்டிவிடும். நூறு வருட மழைமரங்கள் அவற்றிடம் இல்லை. ஆட்டம் முக்கியமென்றால் பிளாக் மவுன்டன். ஊரோடு ஒட்டிய ஒரு பழைய திடலின் வாசம் வேண்டுமென்றால் ராயல் ஹுவா ஹின். நான் இரண்டாவதையே சொல்வேன்.

கோல்ஃப் பிறந்தது ஸ்காட்லாந்துக் கடற்கரையின் மணல்மேடுகளில். உழவுக்கு ஆகாத நிலம் என்பதால்தான் அங்கே ஆட விட்டார்கள். மத்திய வியட்நாமின் கரையும் அப்படித்தான். டா நாங்குக்கும் ஹோய் ஆனுக்கும் இடையே நீளும் மணலில் சவுக்குத் தவிர அதிகம் எதுவும் நிற்காது. நம் கடற்கரைச் சவுக்குத் தோப்புகளில் நடந்தவருக்கு அந்த வாசனை புதிதாக இராது. அமெரிக்கப் போர்க்காலத்தில் படைவீரர்கள் ‘சைனா பீச்’ என்று அழைத்து ஓய்வுக்கு வந்த கரை இது. போர் முடிந்து ஒரு தலைமுறை கழிந்தபின் 2009-ல் மான்ட்கமரி லிங்க்ஸ், 2010-ல் கிரெக் நார்மன் வடிவமைத்த டூன்ஸ் திடல், தெற்கே 2020-ல் ராபர்ட் டிரென்ட் ஜோன்ஸ் ஜூனியரின் ஹோயானா ஷோர்ஸ் என்று அடுத்தடுத்து வந்தன. இவற்றில் ஹோயானாவுக்கே என் வாக்கு. சாம் தீவுகள் கடலில் மிதப்பது அங்கிருந்து தெரியும். காற்று நிமிடத்துக்கு ஒரு திசை மாறும். வீடுகள் குறுக்கே வராது. இன்னும் தெற்கே, ஹோ சி மின் நகரிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் காரில் போனால் ஹோ டிராமில் நார்மனின் மற்றொரு திடல், தி பிளஃப்ஸ், 2014-ல் திறந்தது. மணல்மேட்டின் உச்சியிலிருந்து கடலைப் பார்த்தபடி ஆடும் அந்தச் சில குழிகளுக்காக மட்டுமே அவ்வளவு தூரம் போகலாம்.

டா நாங்குக்கு வடக்கே, ஹாய் வான் கணவாயைத் தாண்டினால் லகூனா லாங் கோ. 2013-ல் நிக் ஃபால்டோ அமைத்தது. மலையும் காடும் கடலும் மூன்றும் அந்த ஒரே திடலில் சந்திக்கின்றன. அதைவிட எனக்குப் பிடித்த விஷயம், நடுவிலிருந்த நெல்வயலை அவர்கள் அழிக்கவில்லை. வருடத்துக்கு இரண்டு போகம் விளைகிறது. எருமைகள் மேய்ந்து களையெடுக்கின்றன. நடவு முடிந்த மாதத்தில் போனால் இளம்பச்சை. அறுப்புக்கு முன் போனால் பொன்னிறம். ஒரே திடலின் நிறம் பயிரோடு சேர்ந்து மாறுவது வேறு எங்கும் எளிதில் காணக் கிடைக்காது.

காட்டுக்கு ஒரே உதாரணம் போதும்: லங்காவியின் வடமேற்கு மூலையில் தெலுக் தாத்தாய். பழைய திடலை எர்னி எல்ஸ் திருத்தியமைத்து 2014-ல் திறந்தார்கள். அதில் மணற்குழி ஒன்றுகூடக் கிடையாது. பெருமழை கொட்டும் இடத்தில் மணலை வாரி வாரிக் குழியில் போட்டுக்கொண்டிருப்பது ஓயாத வேலை. போதாதற்குக் காடே இருபுறமும் பந்தை விழுங்கக் காத்திருக்கிறது. மச்சின்சாங் மலை பின்னால், அந்தமான் கடல் முன்னால். இருவாசிப் பறவைகள் தலைக்குமேல் பறக்கும்போது சிறகொலி கேட்டு ஆட்டம் தானாக நின்றுவிடும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட இலைக்குரங்குகளும் உண்டு. கடல் தெரிவது சில குழிகளில்தான் என்பதை அவர்கள் விளம்பரத்தில் அழுத்திச் சொல்வதில்லை. இந்த இடத்தில் அது ஒரு குறையாகவும் படவில்லை.

இத்தனை அழகும் யாருடைய நிலம் என்ற கேள்விக்கு வராமல் இந்தப் பேச்சு முடியாது. 1997-ல் பாலியின் தானா லொட் கோயிலுக்கு எதிரே கிரெக் நார்மனின் நிர்வானா திடல் திறந்தது. அதன் ஏழாவது குழியில் கடலைத் தாண்டிப் பந்தை அடிக்க வேண்டும். பின்னணியில் அலைக்கு நடுவே பாறைமேல் கோயில். ஆசியாவின் மிக அழகான குழி என்று எத்தனையோ பட்டியல்களில் அது வந்தது. அந்தத் திட்டம் அறிவித்தபோதே பாலியில் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. கோயிலின் புனித எல்லைக்குள் விடுதியும் திடலும் வருவதை மாணவர்களும் சமயத்தவரும் எதிர்த்தார்கள். 1994-ல் இந்தோனேசிய இந்துக்களின் பேரவையான பாரிசாத, பெரிய கோயில்களைச் சுற்றி எவ்வளவு தூரம் வரை கட்டடம் எழக்கூடாது என்று சமய ஆணையே பிறப்பித்தது. ஆனாலும் திடல் வந்தது. பின்னர் டிரம்ப் நிறுவனத்தின் பெயரில் மறுகட்டமைப்பு என்று சொல்லி 2017-ல் மூடினார்கள். பழைய கையேடுகளில் அந்த ஏழாவது குழியின் படம் இன்னும் இருக்கிறது. அதை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள்.

அதே காலத்தில்தான் கோல்ஃப் திடல்களுக்கு எதிரான உலக இயக்கமும் பிறந்தது. தண்ணீர், பூச்சிமருந்து, பறிபோன விளைநிலம் ஆகியவற்றை முன்வைத்து ஜப்பான், தாய்லாந்து, மலேசியா ஆர்வலர்கள் கூடி 1993 ஏப்ரல் 29-ஐ ‘கோல்ஃப் இல்லா நாள்’ என்று அறிவித்தார்கள். எல்லாத் திடல்களையும் மூடச் சொல்லும் அளவுக்கு அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் பாலியின் தெற்கு முனைபோல் குடிநீருக்கே திண்டாடும் வறண்ட பாறைநிலத்தில் புல்லைப் பச்சையாக வைத்திருக்க எங்கிருந்து நீர் வருகிறது என்று விசாரிப்பதில் தப்பில்லை. விடுதிகளின் கழிவுநீரைச் சுத்திகரித்துப் பாய்ச்சும் திடல்காரர்கள் அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வார்கள். கேட்டால் மழுப்புகிறவர்களைப் பற்றி நாமே முடிவுசெய்துகொள்ளலாம்.

தமிழர்களுக்கு இந்த விஷயத்தில் நேரடியான பங்கு இருப்பது மலேசியாவில். கோலாலம்பூரைச் சுற்றிய திடல்களில் பல, நம்மவர்கள் பால்மரம் சீவிய தோட்டங்கள். ஷா ஆலம் அருகே கிளென்மேரி என்ற பெயரே பழைய தோட்டத்தின் பெயர். 1980, 90-களில் தோட்ட நிலங்கள் புதுநகரங்களாகவும் திடல்களாகவும் மாறியபோது லயத்து வீடுகளும் கூடவே போயின. புக்கிட் ஜாலில் தோட்டத்தின் கதை மலேசியத் தமிழர்கள் எல்லோருக்கும் தெரியும். 1998 காமன்வெல்த் போட்டிக்கான தேசிய விளையாட்டரங்கும் ஒரு கோல்ஃப் விடுதியும் அந்த நிலத்தில்தான் எழுந்தன. கடைசிவரை லயத்தில் தங்கிய குடும்பங்கள் ஒரு வீட்டு மனைக்காக ஆண்டுக்கணக்கில் போராடின. இதே சமூகத்திலிருந்து எம். ராமையா, பி. குணசேகரன் போன்ற தொழில்முறை கோல்ஃப் ஆட்டக்காரர்களும் வந்தார்கள் என்பது இந்தக் கதையின் இன்னொரு பக்கம். காட்சி என்று பார்த்தால் தோட்டத்துத் திடல்கள் சுமார்தான்: மெல்லிய ஏற்ற இறக்கம், ஒழுங்காக நட்ட பனை, சுற்றிலும் பங்களா. கோலாலம்பூரில் விமானம் மாறும்போது ஒரு நாள் மிஞ்சினால் ஆடலாம்; அதற்கென்று போக வேண்டாம்.

சிங்கப்பூரை நான் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுகிறேன். அங்கே நிலத்தின் விலைக்கு முன்னால் கோல்ஃப் நிற்க முடியவில்லை: ஜூரோங் 2016-ல், ராஃபிள்ஸ் 2018-ல், நகர வானளாவிகளைப் பார்த்தபடி ஆட முடிந்த மரினா பே பொதுத் திடல் 2024-ல் என்று ஒவ்வொன்றாக மூடிவிட்டன. மிஞ்சியவை பெரும்பாலும் உறுப்பினர்களுக்கானவை. சிங்கப்பூரில் உறவுக்காரர்கள் வீட்டில் தங்குகிறவர்கள் தானா மேராவில் படகேறி ஒரு மணி நேரத்தில் இந்தோனேசியாவின் பிந்தான் தீவுக்குப் போய்விடலாம். கேரி பிளேயர் அமைத்த ரியா பிந்தானின் கடலோரக் குழிகள் அந்தச் சிரமத்துக்குத் தகும்.

பிலிப்பைன்ஸில் ஒன்றே ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். மணிலாவில் ஸ்பானியர்கள் கட்டிய இன்ட்ராமுரோஸ் கோட்டையின் அகழியை அமெரிக்கர்கள் தூர்த்தார்கள். அந்த அகழியே இன்று கோல்ஃப் திடல். கோட்டைச் சுவரை ஒட்டியே ஆடலாம், இரவில் விளக்கொளியிலும் ஆடலாம். விசித்திரத்துக்குப் பாங்காக்கின் பழைய டான் மியூயங் விமான நிலையத்தில் இரண்டு ஓடுபாதைகளுக்கு நடுவே விமானப்படை நடத்தும் திடலையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். அங்கே விமானம் இறங்கும்போது சிவப்பு விளக்கு எரியும். ஆட்டக்காரர்கள் நிற்க வேண்டும். கம்போடியாவின் சியெம் ரீப்பில் உள்ள திடல்களுக்கு அங்கோர் என்ற பெயரால் வரும் கவர்ச்சியை மட்டும் கொஞ்சம் குறைத்தே மதிக்க வேண்டும். தட்டை நிலம், எந்தக் குழியிலிருந்தும் அங்கோர் கோபுரம் தெரியாது. அங்கே போகிறவர் கோயிலுக்காகப் போகட்டும்.

இனி காலம். திடலைப் பிழையாகத் தேர்ந்தால் ஒரு நாள் போகும். மாதத்தைப் பிழையாகத் தேர்ந்தால் பயணமே போய்விடும். இந்தப் பகுதி முழுவதற்கும் ஒரே மழைக்காலம் என்று நினைப்பதுதான் பெரிய குழப்பம். புக்கெட், லங்காவி போன்ற மேற்குக் கரைகளில் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவமழை. டிசம்பர் முதல் மார்ச் வரை தெளிந்த வானம். சமுயி தீவிலும் மலாய்த் தீபகற்பத்தின் கிழக்குக் கரையிலும் ஆண்டின் கடைசி மாதங்களில்தான் கொட்டும். டா நாங்கில் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மழை, நடுவே புயலும் வரும். பூமத்திய ரேகைக்குக் கீழே உள்ள பாலியிலும் ஜாவாவிலும் தலைகீழ்: ஏப்ரல் கடைசி முதல் அக்டோபர் வரை வறட்சி, டிசம்பர் - ஜனவரியில் அடைமழை. வட தாய்லாந்தின் சியாங் மாயில் நவம்பர் முதல் ஜனவரி வரை அருமையான குளிர். பிப்ரவரி கடைசியிலிருந்து வயலையும் காட்டையும் எரிக்கும் புகை வந்து மூடிக்கொள்ளும். ஏப்ரல் வரை மலை எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

நேரமும் அதே அளவு முக்கியம். ஜாவாவின் மெராப்பி எரிமலைச் சரிவில் உள்ள திடலில் மலையின் முழு உருவம் தெரிவது விடிந்த சில மணி நேரத்துக்குத்தான். 2010-ல் வெடித்த அந்த மலையைப் பார்த்தபடி ஆட வேண்டுமென்றால் இருட்டிலேயே எழுந்து கிளம்ப வேண்டும். மலேசியாவின் கடிகாரம் சூரியனைவிட முந்தி ஓடுகிறது. லங்காவியில் டிசம்பரில் விடிய ஏழரை மணி ஆகும், இருட்டவும் ஏழைத் தாண்டும். பிற்பகல் ஆட்டத்துக்கு அது வசதிபோல் தோன்றும்; ஆனால் இடி இறங்குவதும் அந்த நேரத்தில்தான். அபாயச் சங்கு ஊதினால் மட்டையைப் போட்டுவிட்டு ஒதுங்கிவிட வேண்டும், அதில் வீரம் காட்டக்கூடாது.

நடக்க விடும் திடலா, பக்கி வண்டி கட்டாயமா என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பக்கி ஓடும் பாதை பெரும்பாலும் மரங்களுக்குப் பின்னால், ஃபேர்வேக்கு ஓரமாகப் போகும். மழை பெய்த மறுநாள் அந்தப் பாதையை விட்டு இறங்கவே விடமாட்டார்கள். காட்சியின் பாதி அதிலேயே போய்விடும். ரெட் மவுன்டன்போல் ஏறி இறங்க முடியாத இடங்களில் வேறு வழியில்லை. ஹண்டாரா, டா லாட், ராயல் ஹுவா ஹின் மூன்றும் நடைக்கு உகந்தவை. தாய்லாந்திலும் வியட்நாமிலும் மட்டைப் பையைக் கவனித்துக்கொள்ளும் கேடி (caddie) உடன் வருவது வழக்கம். பெரும்பாலும் பெண்கள், அகன்ற தொப்பியும் கழுத்து வரை மூடிய சட்டையுமாக வருவார்கள். திடலின் சரிவைப் புத்தகத்தைவிட நன்றாக அறிந்தவர்கள் அவர்கள். கடல் எந்தப் பக்கம், பந்து எந்தப் பக்கம் உருளும் என்று விரலால் காட்டிவிடுவார்கள். திடல் தரும் கூலி சொற்பம். அவர்கள் வருமானத்தின் பெரும்பகுதி நீங்கள் கையில் கொடுக்கும் அன்பளிப்புதான், ஆகவே கட்டணத்தில் சேர்ந்துவிட்டது என்று ஏமாந்துவிட வேண்டாம். வார நாளில் ஆடினால் கட்டணமும் குறையும், பின்னால் நின்று அவசரப்படுத்தும் கூட்டமும் குறையும்.

இவ்வளவையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறைகளே நமக்குப் பாதி முடிவை எடுத்துத் தந்துவிடுகின்றன. அரையாண்டு விடுமுறை என்றால் லங்காவி அல்லது புக்கெட், இரண்டில் ஒன்று. லங்காவி என்றால் தாத்தாயில் இரண்டு காலைகள், மற்ற நாள்கள் குடும்பத்துக்கு. கோடை விடுமுறை என்றால் டா நாங். மே மாதத்தில் அங்கே வெயில் கடுமைதான், ஆனால் ஐந்தரைக்கெல்லாம் விடிந்துவிடுவதால் பத்தரைக்குள் ஹோயானாவில் ஆடி முடித்து அறைக்குத் திரும்பிவிடலாம். ஆடாதவர்களுக்கு ஹோய் ஆனின் பழைய வீதிகளும், சம்பா மன்னர்கள் எழுப்பிய மீ சோன் சிவன் கோயில்களும் ஒரு மணி நேரத் தூரத்தில். ஒருநாள் லாங் கோவுக்கும் ஒதுக்குங்கள். குழந்தைகளையும் அழைத்துப் போகலாம். எருமைகளைப் பார்க்க மட்டை தேவையில்லை. பாலியை ஜூலை, ஆகஸ்டுக்கு வைத்துக்கொள்ளலாம், ஹண்டாராவுக்காக. டிசம்பரில் பாலிக்கு மலிவுக் கட்டணம் கிடைக்கிறதே என்று யாராவது சொன்னால், கோல்ஃப் பையை வீட்டிலேயே வைத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போங்கள்.